மாலை மின்சாரமும் மின்னூர்தியும்

திருவனந்தபுரத்தின் பட்டம் பகுதியில் கேரள மாநில மின்சார வாரியத்தின் தலைமையகமான வைத்யுதி பவனம் அமைந்துள்ளது. 2024ஆம் ஆண்டின் கோடைக்காலம் அவ்வாரியத்திற்குப் பெருஞ்சோதனையாக இருந்தது. மே மாதத் தொடக்கத்தில் மாநிலத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. புகழ்பெற்ற இடுக்கி நீர்மின் நிலையத்தின் முழுத்திறனே 780 மெகாவாட்தான். பல இடங்களில் மின்மாற்றிகள் பளு தாங்காமல் பழுதடைந்தன. புழுக்கம் மிகுந்த இரவுகளில் முதியோரும் குழந்தைகளும் உறக்கமின்றித் தவித்தனர்.

தெருக்குழாயில் ஊரார் அனைவரும் ஒரே நேரத்தில் குடம் வைத்தால் எவருக்கும் நீர் போதாது. மின்சாரமும் அத்தகையதே. மாலையில் வீடு திரும்புவோர் விளக்கு, குளிரூட்டி ஆகியவற்றோடு மின்னூர்தியையும் மின்னேற்றத்தில் இணைக்கின்றனர். அந்நேரத்தில் சூரிய ஒளி மின்சாரமும் கிடைப்பதில்லை. ஆகவே, மாலை 6 மணி முதல் நள்ளிரவு வரை ஊர்திகளுக்கு மின்னேற்றம் செய்வதைத் தவிர்க்குமாறு வாரியம் வேண்டிக்கொண்டது.

வீட்டின் மின் இணைப்பிற்கும் எல்லை உண்டு. 5 கிலோவாட் கொண்ட ஒருமுனை இணைப்பை எடுத்துக்கொள்வோம். மகிழுந்தின் மின்னேற்றிக்கு 3.3 கிலோவாட், நீர்ச்சூடேற்றிக்கு 2 கிலோவாட், குளிரூட்டிக்கு 1.5 கிலோவாட் தேவை எனில், மொத்தம் 6.8 கிலோவாட் ஆகிறது. மூன்றையும் ஒருங்கே இயக்கினால் இணைப்பு தாங்காது. ஒன்றன்பின் ஒன்றாக இயக்கினால் அதே இணைப்பு போதும்.

மின்கலத்தை நாள்தோறும் முழுமையாக நிரப்ப வேண்டியதில்லை. 40 கிலோமீட்டர் ஓடிய மகிழுந்துக்கு ஏறத்தாழ 6 யூனிட் போதும். இரண்டு மணி நேரத்தில் அது ஏறிவிடும். அதனைப் பகலிலோ பின்னிரவிலோ செய்யலாம். மாதம் 250 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்தும் வீடுகளுக்குக் காலை 6 முதல் மாலை 6 வரை 10 விழுக்காடு குறைவாகவும், மாலை 6 முதல் இரவு 10 வரை 25 விழுக்காடு கூடுதலாகவும் கட்டணம் கணக்கிடும் முறை 2025இல் நடைமுறைக்கு வந்தது.

மின்னேற்றத்திற்கு நிலத்தொடர்புள்ள தனி இணைப்பே பாதுகாப்பானது. நேரமறிந்து பயன்படுத்துவோர் தம் பணத்தை மட்டுமன்றி, அண்டை வீட்டாரின் உறக்கத்தையும் காக்கின்றனர்.

சொற்பொருள்
மின்மாற்றி – மின்னழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ பயன்படும் கருவி
பளு – சுமை
ஒருங்கே – ஒரே நேரத்தில்

பயிற்சி
1. மின்சாரம் எதனோடு ஒப்பிடப்படுகிறது? ஏன்?
2. 3 கிலோவாட் இணைப்புள்ள வீட்டில், பாடத்தில் கூறப்பட்ட குளிரூட்டியையும் நீர்ச்சூடேற்றியையும் ஒருங்கே இயக்கலாமா? கணக்கிட்டு எழுதுக.
3. உம் வீட்டில் மாலை நேர மின்பயன்பாட்டைக் குறைக்கும் வழிகளை ஐந்து தொடர்களில் எழுதுக.