மார்புக்குள் ஒரு தலைகீழ் மரம்

சென்ற இதழில் இருதயத்தின் அமைப்பை அறிந்தோம். இருதயம் அனுப்பும் குருதி பிராணவாயுவைப் பெறும் இடம் நுரையீரல். அங்குக் காற்று செல்லும் வழியை இம்மாதம் காண்போம்.

பால்மரம் ஒன்றைத் தலைகீழாக நிறுத்தியதாக எண்ணிக்கொள்வோம். அதன் அடிமரம் மூச்சுக்குழல், கிளைகள் கிளைக்குழல்கள், இலைகள் காற்றறைகள்.

மூச்சுக்குழல்

குரல்வளைக்குக் கீழே தொடங்கும் இக்குழல் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுடையது. 16 முதல் 20 குருத்தெலும்பு வளையங்கள் இதனை ஒடுங்கிவிடாமல் காக்கின்றன. அவை முழு வட்டங்கள் அல்ல. குதிரை லாடம்போல் பின்புறம் திறந்தவை. பின்னால் அமைந்துள்ள உணவுக்குழாய், கவளம் இறங்கும்போது விரிய இடம் வேண்டுமன்றோ?

மார்பின் நடுவில் இக்குழல் இரண்டாகப் பிரிகிறது. வலக்கிளை இடக்கிளையைவிட அகலமானது, செங்குத்தாக இறங்குவது. ஆதலால் குழந்தையின் மூச்சுக்குழலில் தவறிப் புகும் கடலையோ பொத்தானோ பெரும்பாலும் வலப்பக்கமே சென்று அடைக்கும். சிறு குழந்தைகளுக்கு முழுக் கடலை கொடுத்தல் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

வலது நுரையீரலுக்கு மூன்று மடல்கள் உண்டு. இடதுக்கு இரண்டே, எஞ்சிய இடம் இருதயத்திற்கு உரியது.

காற்றறைகள்

கிளைக்குழல்கள் ஏறத்தாழ 23 முறை பிரிந்து, திராட்சைக் கொத்துப் போன்ற காற்றறைகளில் முடிகின்றன. இவை சுமார் 30 கோடி. அனைத்தையும் விரித்துப் பரப்பினால் 70 சதுர மீட்டர் அளவு வரும். பால்வெட்டும் கத்தி சீவியெடுக்கும் பட்டையைக் காட்டிலும் ஆயிரம் மடங்குக்குமேல் மெல்லியது இவற்றின் சுவர். அதன் வழியே பிராணவாயு குருதியில் சேர்கிறது; கரியமிலவாயு வெளியேறுகிறது.

காவலும் கேடும்

குழல்களின் உட்சுவரில் சளிப்படலமும் நுண்ணிய மயிரிழைகளும் உள்ளன. சளி தூசியைப் பிடிக்கிறது. மயிரிழைகள் அதைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. புகையிலைப் புகை இவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. தள்ளப்படாது தேங்கிய சளியே புகைப்பவரின் காலை இருமலாகிறது. காற்றறைகளிலோ இந்த மயிரிழைகளும் இல்லை.

பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை விழுங்கினால், அது குருதி வழியே நுரையீரலில் சேர்ந்து, காற்றறைகளைத் தழும்பாக்கி மூச்சையே நிறுத்திவிடும். அதற்கு முறிமருந்து இல்லை. 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் அது தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய புட்டி எங்கேனும் கிடந்தால், திறவாமல் நிர்வாகத்திடம் தெரிவிப்போம்.

காசநோய்

இந்நோயுற்றவர் இருமும்போது வெளிப்படும் கிருமி, பிறருடைய காற்றறைகளில் தங்கக்கூடும். இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமல், சளியில் இரத்தம், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு ஆகியன இதன் அறிகுறிகள். வேலை போய்விடுமோ, மகளின் திருமணம் தடைப்படுமோ என்றஞ்சி மறைப்போர் உண்டு. மறைத்தால், அந்தக் கிருமி முதலில் சேர்வது அதே வீட்டில் உறங்கும் பிள்ளைகளையே.

அரசாங்கச் சுகாதார நிலையத்தில் சளியைப் பரிசோதிக்கலாம். மருந்தைக் குறைந்தது ஆறு மாதம் உட்கொள்ள வேண்டும். இரண்டாம் மாதமே உடல் தேறியதாகத் தோன்றும். அப்போது நிறுத்தினால் நோய் திரும்பும், முன்னைய மருந்துக்கும் அடங்காது போகலாம். ஆகவே, மருத்துவர் போதும் என்று சொல்லும் நாள்வரை மருந்தை விடாதிருப்போமாக.