பத்தில் மூன்று: ஒரு மரத் தேவாலயம் பிழைத்த கதை

ஒரு கட்டடம் எப்போது பழசாகிறது? விரிசல் விட்டாலா, சாய்ந்தாலா? இது இரண்டுமே நடக்காமல், ஒரே ஒரு சட்டத்தால் உபயோகமில்லாமல் போன கட்டடம் ஒன்று இருக்கிறது நண்பர்களே. நம்ம சிவில் பசங்க மட்டுமில்ல, எல்லா டிபார்ட்மென்டும் தெரிஞ்சுக்க வேண்டிய கதை இது.

இடம், மேற்கு நார்வேயில் லேர்டால் பள்ளத்தாக்கில் இருக்கும் போர்குண்ட் கிராமம். 1180-களில் வெட்டிய பைன் மரத்தில் கட்டிய தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது. முழுக்க மரம். வயசு 800-க்கும் மேல்!

எப்படி நிற்கிறது?

நார்வே மொழியில் 'ஸ்டாவ்' என்றால் செங்குத்தான தூண். தூண்களை வைத்துக் கட்டியதால் இந்த வகைக்கு ஸ்டாவ் தேவாலயம் என்று பெயர். ஆரம்பத்தில் தூண்களைக் குழி தோண்டி மண்ணிலேயே நட்டார்கள். ஈரம் ஏறி அடிப்பக்கம் அழுகிப்போனது. அடுத்து வந்த தச்சர்கள் கல்லைப் பரப்பி, அதன்மேல் கனமான அடிச்சட்டங்களைப் படுக்கவைத்து, அவற்றின்மேல் தூண்களை நிறுத்தினார்கள். மரம் மண்ணைத் தொடவே இல்லை. பிரச்சினை தீர்ந்தது.

தூண்களுக்கு நடுவே எக்ஸ் வடிவக் குறுக்குச் சட்டங்கள் இருக்கின்றன. நாம் பிரேசிங் என்று படிக்கிறோமே, அதேதான். காற்று தள்ளும்போது சட்டகம் கோணாமல் பிடித்துக்கொள்ளும். பனி வழுக்கி விழ, அடுக்கடுக்கான செங்குத்துக் கூரை. வெளியே பைன் மரத் தார்ப் பூச்சு. வெயிலிலும் மழையிலும் அது தேய்ந்துபோகும், திரும்பத் திரும்பப் பூச வேண்டும். ஆக, 800 வருஷ ரகசியம் ரெண்டே ரெண்டுதான்: நல்ல டிசைன், விடாத பராமரிப்பு.

கத்தோலிக்கம் போய் லுத்தரன் வந்தது

கட்டிய காலத்தில் இது கத்தோலிக்கத் தேவாலயம். டென்மார்க்கையும் நார்வேயையும் ஆண்ட மூன்றாம் கிறிஸ்டியன் மன்னர் 1530-களில் லுத்தரன் சபையை அரசின் சபையாக்கினார். போர்குண்ட் மக்கள் புதுசாகக் கட்டவில்லை. இருந்த கட்டடத்தையே மாற்றிக்கொண்டார்கள்.

லுத்தரன் வழிபாட்டில் பிரசங்கம் முக்கியம். அதனால் பிரசங்க மேடை வந்தது. நீண்ட பிரசங்கத்தை உட்கார்ந்து கேட்க வேண்டும், பெஞ்சுகள் வந்தன. பாட்டுப் புத்தகம் படிக்க வெளிச்சம் வேண்டும், இருட்டான சுவரில் ஜன்னல்கள் வெட்டினார்கள். இடம் போதவில்லை, மேல்தளத்திலும் இருக்கைகள் போட்டார்கள். 300 வருஷம் ஒரு கிராமம் தன் தேவைக்கு ஏற்ப அந்தக் கட்டடத்தைத் திருத்திக்கொண்டே வாழ்ந்தது.

சிக்கல்: பத்தில் மூன்று

1851-ல் நார்வே ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு தேவாலயத்திலும் அந்தச் சபைப் பகுதி மக்களில் பத்தில் மூன்று பங்கு பேருக்கு இடம் இருக்க வேண்டும். 1000 பேர் இருந்தால் 300 இடம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மக்கள்தொகை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. இடைக்காலத் தேவாலயங்களோ ரொம்பச் சின்னது. ஒன்று பெரிதாக்க வேண்டும், இல்லையென்றால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். பல ஊர்களில் இடித்தார்கள். ஒரு காலத்தில் 1000-க்கும் மேல் இருந்ததாகக் கணிக்கப்படும் ஸ்டாவ் தேவாலயங்களில் இன்று நார்வேயில் மிச்சம் 28.

சட்டத்துக்கு முன்பே வாங் என்ற ஊரில் இதே கதை நடந்தது. சின்னதாகிவிட்டது என்று 1841-ல் தங்கள் தேவாலயத்தை விற்றுவிட்டார்கள். ஓவியர் ஜே. சி. டால் தலையிட்டதால் அது விறகாகவில்லை. பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடரிக் வில்லியம் வாங்கி, பிரித்து எடுத்துப்போய் மலைப்பகுதி ஒன்றில் மறுபடி நிறுத்தினார். இன்று போலந்தின் கார்பாச் நகரில் இருக்கும் அதில் இப்போதும் லுத்தரன் ஆராதனை நடக்கிறது.

போர்குண்டில் 1868-ல் பக்கத்திலேயே புதுத் தேவாலயம் கட்டினார்கள். பழையது இடிபடவில்லை. 1877-ல் நார்வேயின் தொன்மைச் சின்னப் பாதுகாப்புச் சங்கம் அதை வாங்கியது.

காப்பாற்றியதில் போனது எது?

'பழைய நிலைக்கே கொண்டுபோகிறோம்' என்று பெஞ்சுகளையும், மேல்தள இருக்கைகளையும், பெரிய ஜன்னல்களையும் அகற்றினார்கள். இடைக்காலத் தோற்றம் திரும்பி வந்தது. ஆனால் அங்கே உட்கார்ந்து பிரசங்கம் கேட்ட பத்துப் பன்னிரண்டு தலைமுறையின் தடமும் அதோடு போனது. கோடிங் பண்றவங்க பாஷையில் சொன்னா, முதல் வெர்ஷனுக்கு ரோல்பேக் பண்ணிட்டாங்க. நடுவில் செய்த வேலையெல்லாம் காலி.

வாங் தேவாலயம் ஊரை விட்டுப் போனது, ஆனால் சபையோடு வாழ்கிறது. போர்குண்ட் தேவாலயம் அதே இடத்தில் நிற்கிறது, ஆனால் அது இப்போது அருங்காட்சியகம். இதில் எது சரியாகக் காப்பாற்றப்பட்டது? எனக்கு வாங் பக்கம்தான் சாய்வு. நாளைக்கு ஒரு பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலை நம் கைக்கு வந்தால், எதை அகற்றலாம் என்று வரைபடத்தில் கோடு போடுவதற்கு முன்னால், அதை அங்கே வைத்தவர்கள் ஏன் வைத்தார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிடுவோம்.