மழையைப் போல அலைவரிசையும்

ஜூரோங் புத்தாக்க வட்டாரத்தில் 2017 நவம்பரில் ஓட்டுநரில்லா வாகனங்களுக்கான சோதனைத் தடம் ஒன்று திறக்கப்பட்டது. நிலப் போக்குவரத்து ஆணையம், ஜேடிசி ஆகியவற்றுடன் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் சேர்ந்து அமைத்தது. போக்குவரத்து விளக்கு, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றோடு செயற்கையாக மழை பெய்விக்கும் கருவியும் அங்கே இடம்பெற்றது. சிங்கப்பூரில் மழைக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் பெய்யும் மழையை வானம் தராது. சோதனைக்கோ அதுதான் வேண்டும்.

வாகனங்கள் தமக்குள் பேசும் கம்பியில்லா அலைகளும் அப்படித்தான். குறுக்கே ஒரு லாரி வந்தால் நேற்றைய முடிவு இன்று வராது. அதனால்தான் அலைகளைக் கணினிக்குள் உருவாக்குகிறோம். 2008-ல் முதன்முதலில் வெளியான என்எஸ்-3 போன்ற சிமுலேட்டர் தூரம், இரைச்சல், மோதல் எல்லாவற்றையும் கணக்கிடும். ஆனால் வாகனத்தில் ஓடப்போகும் மென்பொருள் அதற்குள் இல்லை. அது லினக்ஸ் இயங்குதளத்தில் இருக்கிறது.

இரண்டையும் இணைப்பது வியப்பூட்டும் அளவுக்கு எளிது. ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு லினக்ஸ் கன்டெய்னர். அதன் வலையட்டை உண்மையில் 'டேப்' எனப்படும் மென்பொருள் வாயில். மென்பொருள் அனுப்பும் பொட்டலம் அதன் வழியே சிமுலேட்டருக்குள் போய், கற்பனை வைஃபையில் போராடி, பிழைத்தால் மறு கன்டெய்னரை அடையும். மென்பொருளில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.

சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. சிமுலேட்டர் நிகழ்விலிருந்து நிகழ்வுக்குத் தாவுவது. இரண்டு வாகனங்களின் பத்து விநாடியை அது ஒரே விநாடியில் முடிக்கலாம். இருநூறு வாகனங்கள் என்றால் ஒரு நிமிடமும் ஆகலாம். லினக்ஸோ சுவர்க்கடிகாரத்தை நம்புவது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட வைக்க என்எஸ்-3-ல் நிகழ்நேர முறை உண்டு. சுமை கூடினால் அதுவும் பின்தங்கும். இயல்பான அமைப்பில் அதற்காக நிற்காது, இயன்றவரை ஓடிக்கொண்டே இருக்கும். கணினியின் தாமதம் வலையமைப்பின் தாமதமாக உங்கள் வரைபடத்தில் ஏறிவிடும்.

இது சிறு பிழையன்று, நண்பர்களே. வாகனங்கள் தம் இருப்பிடத்தைப் பொதுவாக விநாடிக்குப் பத்து முறை, அதாவது 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை அறிவிக்கின்றன. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இடைவெளியில் வண்டி ஏறத்தாழ 1.4 மீட்டர் நகர்ந்துவிடும். என்எஸ்-3-ல் 'கடும் வரம்பு' என்ற முறையைத் தேர்ந்தால், எல்லை மீறியதும் சோதனை நின்றுவிடும். அதன் இயல்பு எல்லையும் 100 மில்லி விநாடிதான். நம் தேவைக்கு அது மிகத் தாராளம், குறைத்துக்கொள்ள வேண்டும். இறுதியாண்டுத் திட்டப்பணியில் பாதியில் நின்ற சோதனை எரிச்சலூட்டும். நிற்காமல் ஓடித் தவறான எண்ணைத் தருவது அதைவிட மோசம்.

இன்னொரு வழி, இயங்குதளத்தின் கடிகாரத்தையே மெதுவாக்குவது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தினர் 2006-ல் இதைச் செய்து காட்டினர். உண்மையில் பத்து விநாடி கழிய, உள்ளிருக்கும் லினக்ஸ் ஒரு விநாடிதான் ஆயிற்று என்று எண்ணும். முழுதும் மென்பொருளாக இருக்கும்வரை இது அருமையான வழி. உண்மையான வாகனத்தின் பிரேக் கருவியை இணைத்த கணமே பயனற்றுப் போகும். இரும்பு மெதுவாக நகராது. அங்கே தொலைவிலுள்ள வண்டிகளுக்கான கணக்கை எளிமையாக்கிச் சுமையைக் குறைக்கலாம். எத்தனை மீட்டருக்கு அப்பால் 'தொலைவு' என்பதை மட்டும் சோதனையைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.