வகுத்தலும் வாக்கின் எடையும்

அரசின் தொழில்களைக் கூற வந்த வள்ளுவர், ‘இறைமாட்சி’ அதிகாரத்தில் பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல் என மூன்றினைச் சொல்லி, நான்காவதாகப் பகுத்தளித்தலை வைத்தார். முன்னைய மூன்றும் எளியன அல்ல. எனினும் ஒரு குடும்பத்திலாயினும் ஒரு நாட்டிலாயினும் மனத்தாங்கல் எழுவது பெரும்பாலும் நான்காவதில்தான். பல தேசிய இனங்கள் ஓர் அரசின்கீழ் வாழும் இந்தியா போன்ற நாட்டில் பகுக்கப்படுவன இரண்டு: ஒன்று பணம், மற்றொன்று அவையில் இடம். இவ்விரண்டிலும் தமிழகத்தின் நிலை யாது என்பதை ஈண்டுச் சுருக்கமாகக் காண முற்படுகின்றோம்.

முதற்கண் அவையை நோக்குவோம். பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பிலிருந்தும் குடவோலையால் ஒருவரைத் தேர்ந்த முறையைக் கூறுகின்றது. எக்குடும்பில் எத்தனை தலை என்ற எண்ணிக்கை அங்கு எழவில்லை. (நிலமும் மறைக்கல்வியும் உடையோருக்கே அவ்வாய்ப்பு இருந்தது என்பதைப் பெருமை பேசும் நம்மவர் பலர் சொல்லாது விடுகின்றனர்.) இந்திய அரசியலமைப்பின் 81ஆம் பிரிவோ தலையெண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. மாநிலங்களுக்கிடையே மக்கள்தொகைக்கும் உறுப்பினர் எண்ணிக்கைக்கும் உள்ள விகிதம் இயன்றவரை ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து.

இவ்விதியால் நாம் இழந்ததனைத் தென்சென்னையிலிருந்தே தொடங்கிக் கூறலாம். 1967ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் வென்றவர் பேரறிஞர் அண்ணா. முதலமைச்சர் பொறுப்பேற்றமையால் அவ்விடத்தை அவர் துறந்தார். திராவிட நாட்டுக் கோரிக்கையை 1963இல் கைவிட்டு, இந்திய ஒன்றியத்துக்குள் நின்றே உரிமை பெறுவோம் என்று முடிவு செய்த இயக்கம் ஆட்சிக்கு வந்த தேர்தல் அது. அதே தேர்தலில்தான் 1957இலும் 1962இலும் 41ஆக இருந்த நம் மக்களவை இடங்கள் 39ஆகக் குறைந்தன. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிற மாநிலங்களினும் நம் வளர்ச்சி மெதுவாக இருந்ததே காரணம்.

இவ்விழப்பைப் பற்றி 2021ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு வினாவை எழுப்பியது. ஒரு தேர்தலுக்கு இரண்டு இடங்களுக்கு 400 கோடி ரூபாய் என மதிப்பிட்டு, 14 தேர்தல்களுக்கு 5,600 கோடி ரூபாயை இழப்பீடாக ஏன் தரக்கூடாது என்று அது கேட்டது. அவையில் ஓர் இடத்தைப் பணத்தால் அளக்க இயலுமா என்பது நமக்கு ஐயமே. 1999 ஏப்ரலில் ஒரே ஒரு வாக்கில் ஒன்றிய அரசு வீழ்ந்ததை எண்ணுங்கால் அவ்விலை மிகக் குறைவு என்றே தோன்றுகின்றது.

குடும்ப நலத் திட்டத்தை நன்கு நடத்திய மாநிலங்கள் மேலும் இழக்கலாகாது என்று 1976இல் 42ஆம் திருத்தம் இடங்களை 1971ஆம் ஆண்டுக் கணக்கின்படி நிறுத்தி வைத்தது. 84ஆம் திருத்தம் அத்தடையை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. எனவேதான் 2025 மார்ச்சில் பல மாநிலத் தலைவர்கள் சென்னையில் கூடி, தடையை இன்னும் 25 ஆண்டுகளுக்கு நீட்டிக்க வேண்டினர்.

எண்களை நேர்மையாக வைத்துப் பார்த்தல் நம் கடன். 1971இல் தமிழகத்தின் 4.12 கோடி மக்களுக்கு 39 உறுப்பினர், உத்தரப்பிரதேசத்தின் 8.83 கோடிக்கு 85 உறுப்பினர். ஓர் உறுப்பினருக்கு இங்கும் அங்கும் ஏறத்தாழப் பத்தரை இலட்சம் பேர். 2011இலோ இங்கு பதினெட்டரை இலட்சம், அங்கு 25 இலட்சம். அதாவது கான்பூர்க் குடிமகனின் வாக்கு, மயிலாப்பூர்க் குடிமகனின் வாக்கில் முக்கால் எடையே உடையது. அவன் குறையும் குறையே. அதனை நாம் மறுத்தல் ஆகாது. மறுபுறம், 543 இடங்களை 2011ஆம் ஆண்டுத் தொகைப்படி அப்படியே பிரித்தால் நமக்கு 32 இடங்களும் உத்தரப்பிரதேசத்திற்கு 90 அளவிலும் வரும்.

இனிப் பணத்தைக் காண்போம். ஒன்றிய வரிகளில் மாநிலங்களுக்குரிய பங்கை 280ஆம் பிரிவின்படி அமையும் நிதிக்குழு பரிந்துரைக்கின்றது. மாநிலங்களுக்குச் செல்லும் தொகையில் 10ஆம் நிதிக்குழுவின் காலத்தில் தமிழகத்தின் பங்கு 6.637 விழுக்காடு. 2021-26 ஆண்டுகளுக்கான 15ஆம் குழுவில் அது 4.079 விழுக்காடு. 2011இல் நாட்டு மக்களுள் நாம் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் என்பதுடன் இதனை ஒப்பிடுக. அக்குழு, தனிநபர் வருமானம் குறைந்த மாநிலத்திற்கு மிகுதி என்னும் அளவுகோலுக்கு 45 விழுக்காட்டு எடையும், பிறப்பு விகிதத்தைக் குறைத்தமைக்கு 12.5 விழுக்காடும் தந்தது. போதாக்குறைக்கு, மேல்வரியும் கூடுதல் தீர்வையும் இப்பகிர்வுக்குள் வருவதே இல்லை.

தி.நகர் கடைவீதியில் திரளும் வரியெல்லாம் வடக்கே போய்விடுகிறது என்று மேடையில் பேசுதல் எளிது. நிறுவனத்தின் தலைமையகம் எங்கோ, ஆலை எங்கோ இருக்கையில் வருமான வரி எந்த மண்ணில் விளைந்தது என்று கணக்கிடுதல் அரிது என்பதை அம்மேடைகள் சொல்வதில்லை. தவிரவும், வறியவருக்கு மிகுதி என்னும் நெறியை நாம் வெறுக்க இயலாது. தமிழகத்திற்குள்ளேயே சென்னையின் செல்வம் பின்தங்கிய மாவட்டங்களுக்குச் செல்ல வேண்டும் என்பவர் நாம் அல்லரோ?

நம் குறை வேறிடத்தில் உள்ளது. தியாகராய நகருக்குப் பெயர் தந்த சர் பிட்டி தியாகராயர் தலைமையில் 1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கியது. அதன்பின் பள்ளிக்கும் மருத்துவத்திற்கும் மகளிர் கல்விக்கும் தலைமுறை தலைமுறையாகச் செலவிட்டதன் பயனாகப் பிறப்பு விகிதம் தாழ்ந்தது. 2019-21 குடும்ப நல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்கு இங்கு 1.8 குழந்தை, பீகாரில் 3.0. வளம் பெற்றமையால் பணத்தில் பங்கு குறைகின்றது. எண்ணிக்கை குறைந்தமையால் அவையில் குரலும் குறையுமாயின், பங்கைக் குறைக்கும் விதியை மாற்றக் கேட்கும் வலிமையும் உடன் போகும். ஒன்றைக் கொடுப்பவனிடமிருந்து மற்றொன்றையும் எடுத்தல் என்பதே இங்கு வழக்கு.

பிரித்தானியாவில் இச்சிக்கல் தலைகீழாக எழுந்தது. அங்குச் சிறிய தேசிய இனமாகிய ஸ்காட்லாந்தியருக்கு, பார்னெட் என்பார் பெயரால் வழங்கும் வாய்பாட்டின்படி தலைக்கு மிகுதியான பொதுச்செலவு கிடைத்து வருகின்றது. 1999இல் தனி நாடாளுமன்றமும் அமைந்தது. 2004 சனவரியில் இங்கிலாந்து மாணவருக்குக் கல்விக் கட்டணத்தை உயர்த்தும் மசோதா 316-311 என ஐந்தே வாக்குகளில் தேறிற்று. தேற்றியவருள் ஸ்காட்லாந்து உறுப்பினரும் இருந்தனர். அக்கட்டணம் அவர்தம் மாணவரைத் தொடாது! இவ்வினாவை டாம் டல்யெல் 1977இலேயே எழுப்பியிருந்தார். தீர்வாக, 2005இல் ஸ்காட்லாந்தின் இடங்கள் 72இலிருந்து 59ஆகக் குறைக்கப்பட்டன. ஆயின் அதிகாரம் எடின்பரோவுக்குச் சென்ற பின்னரே லண்டனில் இடம் குறைந்தது என்னும் வரிசை நோக்கத்தக்கது. 1971இல் அறிக்கை தந்த இராசமன்னார் குழு மாநிலங்களுக்கு மிகுதியான அதிகாரத்தை வேண்டியது. அவ்வதிகாரம் வாராமலே இடம் மட்டும் குறையுமென்றால் ஸ்காட்லாந்தை எடுத்துக்காட்டுவார்க்கு விடையில்லை.

நம் நாட்டிலேயே வேறொரு முன்மாதிரியும் உண்டு. சரக்கு சேவை வரி மன்றத்தில் வாக்கெடுப்பு நேரின் மூன்றில் ஒரு பங்கு எடை ஒன்றியத்திற்கு. எஞ்சிய இரு பங்கு, வாக்களிக்கும் மாநிலங்களுக்குச் சமமாக. அங்குத் தமிழகமும் உத்தரப்பிரதேசமும் சிக்கிமும் ஓரெடை. உத்திரமேரூர்க் குடும்பு முறை இதுவே எனலாம். மாநிலங்களவையோ 18க்கு 31 என்று மீண்டும் தலையெண்ணிக்கைக்கே செல்கின்றது. அதனை மாநிலங்களின் அவையாகவே ஆக்கினால், மக்களவையில் கான்பூர்க் குடிமகனுக்கு முழு எடையை வழங்குவதில் நமக்கும் தடை இராது என்பது எம் கருத்து.

இவ்வாறு எழுதுங்கால் எம்மை உறுத்துவது ஒன்றுண்டு. தியாகராய நகர், மயிலாப்பூர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் ஆகியன இன்று ஒரே தென்சென்னைத் தொகுதியின் உறுப்புகள். 2021 சட்டமன்றத் தேர்தலில் சோழிங்கநல்லூரின் வாக்காளர் ஆறரை இலட்சத்தையும் கடந்தனர். தியாகராய நகரின் வாக்காளரோ இரண்டரை இலட்சத்தை ஒட்டியவர். இரண்டுக்கும் ஒவ்வோர் உறுப்பினரே. அடையாற்றைக் கடந்து பழைய மாமல்லபுரச் சாலையில் குடியேறியவர் தம் வாக்கின் எடையில் பாதிக்கு மேல் ஆற்றின் வடகரையிலேயே விட்டுச் சென்றனர். தில்லியை நோக்கி நாம் கேட்கும் வினாவைச் சோழிங்கநல்லூரார் நம்மை நோக்கிக் கேட்டால் யாது விடை கூறுவோம்?