டிசம்பர் பூ வளர்க்கும் தம்பிக்கு



நாற்றுப்பண்ணைத் தொழிலையே ஜீவனோபாயமாக வரித்துக்கொண்டாய் என்ற செய்தி எனக்குப் பரம சந்தோஷத்தை அளித்தது. ரோஜாவைப் பற்றியும் மல்லிகையைப் பற்றியும் உனக்கு உபதேசம் செய்யப் பலர் இருக்கிறார்கள். ஆதலால், வேலியோரத்தில் நட்டுவிட்டு மறந்துபோகிற டிசம்பர் பூவைப் பற்றியே எழுதுகிறேன். கனகாம்பரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடிக்கு 1753-இல் சாஸ்திரப் பெயர் சூட்டியவர் லின்னேயஸ். மல்லிகை அருகிவிடும் மார்கழியில், வாசனை இல்லாத குறையை ஊதா, வெள்ளை, ரோஜா என்ற வர்ணங்களாலேயே ஈடுசெய்து, பெண்களின் கூந்தலுக்குக் குறைவின்றி வழங்கும் இதனை, தானாகப் பூக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அலட்சியம் செய்வது நியாயமன்று.

தானாகப் பூக்கிறது என்பதும் பாதி உண்மைதான். அவ்வருஷத்தில் விட்ட புதுக்கிளைகளின் நுனியிலும், நுனியை அடுத்த இலைக் கக்கங்களிலும் பூப்பது இதன் சுபாவம். கவாத்துச் செய்யாமல் சில வருஷங்கள் விட்ட செடியைப் பார்: அடி மொட்டையாகி, தண்டு மரத்துப்போய், உச்சியில் மட்டும் நாலு பூக்கள் நிற்கும்.

ஆகவே பூ ஓய்ந்ததும், தைக் கடைசியிலோ மாசி முதலிலோ, தரையிலிருந்து ஓரடி உயரம் விட்டு மிச்சத்தைத் தயங்காமல் வெட்டிவிடு. ரோஜாவுக்குக் கற்ற வழக்கத்தால் இதையும் சாய்வாக வெட்டிவிடாதே. ரோஜாவில் கணுவுக்கு ஓர் இலை. இதிலோ ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிராக நிற்க, அவ்விரண்டின் கக்கத்திலும் ஒவ்வொரு கண் இருப்பதால், கத்தரியைச் சாய்த்தால் இரண்டில் ஒன்று காயப்படும். கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, குறுக்கே நேராக வெட்டினாயானால், ஒரு தண்டு இரண்டாகக் கிளைக்கும். அப்படிக் கிளைத்தவை நாலு ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளிவிடு. மறுபடி தழைத்ததும் மறுபடி கிள்ளு.

ஆனால் ஆவணி முடிந்தபின் அதன் மேல் கை வைக்கலாகாது. பகல் குறுகிக்கொண்டே வரும் அந்தப் பருவத்தில்தான், கண்ணுக்குத் தெரியாமல், கிளை நுனிகளில் அரும்பு உருக்கொள்கிறது. ஐப்பசியில் அழகுக்காக வேலியை மட்டமாக நறுக்கிவிட்டு, மார்கழியில் பூ இல்லையே என்று மண்ணையும் மழையையும் நிந்திப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உரத்திலும் இந்தக் கால விவேகமே வேண்டும். கவாத்து முடிந்த கையோடு, தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி, மக்கிய தொழு உரத்தோடு ஒரு பிடி எலும்புத்தூளும் கலந்து இட்டு மண் மூடு. எலும்புத்தூள் மெதுவாகக் கரைவதாகையால் அதை முன்கூட்டியே இடுவது அவசியம். தழை வளரும் காலத்தில் கடலைப் பிண்ணாக்கு ஊறிய தெளிநீரை, பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். ஆவணிக்குமேல் பிண்ணாக்கும் வேண்டாம், யூரியாவும் வேண்டாம். தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையிலேயே மதர்த்து நின்றுவிடும். புரட்டாசியில் ஒரு பிடி விறகுச் சாம்பல், அடைமழை ஓய்ந்தபின் இன்னொரு பிடி, அவ்வளவே போதும். மழைநீர் வேரடியில் தேங்காமல் வாய்க்கால் கீறிவிடுவதை மட்டும் மறவாதே.

காய்ந்த கதிர்களைக் கையாளும்போது ஜாக்கிரதை. பூவைத் தாங்கியிருந்த செதில்களின் முட்கள் விரலில் தைக்கும். முற்றிய காய் வெடித்து விதையை எட்ட வீசிவிடுமாதலால், விதை வேண்டுமானால் அதற்குமுன்பே கதிரைத் துணியில் கட்டிவை.

கவாத்தில் விழும் குச்சிகளையும் எறிந்துவிடாதே. இளசும் முற்றலுமல்லாத பாகத்தை ஆறு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, நிழலில் ஈரமணலில் ஊன்றினால் வேர்பிடிக்கும். உன்னிடம் அச்செடிகளை வாங்கிப் போகிறவர்களிடம், ஆவணிக்குப் பிறகு கத்தரி படக்கூடாது என்பதையும் தவறாமல் சொல்லி அனுப்பு.