உடன் கற்றல்

பிரான்சு நாட்டில், பாரிசு மாநகர்க்கு அண்மையில் கூவ்ரே என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில் 1809ஆம் ஆண்டில், குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தவர் லூயி பிரெயில். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடுகையில் கூரிய கருவி ஒன்று அவர் கண்ணிற் பாய்ந்தது. புண் மற்றைக் கண்ணையும் பற்றிற்று; பார்வை முற்றும் மறைந்தது.

பெற்றோர் மகனை வீட்டில் முடக்காது ஊர்ப் பள்ளிக்கே அனுப்பினர். செவியாற் கேட்டே லூயி பாடங்களில் சிறந்து விளங்கினார். எனினும், பிற மாணவர் நூலை விரித்துப் படித்தபோது அவர் வாளா இருக்க நேர்ந்தது. பள்ளியின் வாயில் திறந்தது. நூலின் வாயில் திறக்கவில்லை.

1819இல் பாரிசிலுள்ள பார்வையற்றோர் பள்ளியிற் சேர்ந்தார். ஆங்கு மேடாக அச்சிட்ட பெரிய எழுத்துகளைத் தடவிப் படித்தல் அரிதாயிருந்தது. பார்பியே என்பார் வகுத்த பன்னிரு புள்ளி முறையை ஆராய்ந்து, 1824இல், தம் பதினைந்தாம் வயதில், விரல்நுனியில் அடங்கும் ஆறு புள்ளிகளால் எழுத்துகளை அமைத்தார். இன்று தமிழையும் அம்முறையிற் படிக்கலாம்.

மாணவர்களே! ஒரே கூரையின்கீழ் அமர்வது மட்டும் உடன் கற்றல் ஆகாது. கற்பிக்கும் முறையும் பிள்ளைகளின் தேவைக்கேற்ப மாறுதல் வேண்டும். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உள்ளடக்கிய கல்விக்குக் கூறும் பொருளும் இதுவே. உங்கள் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் தோழன் இருப்பின், அவனை எள்ளாதீர்கள். அவனுக்கு ஏற்ற வழி யாதென ஆசிரியருடன் கூடி ஆராயுங்கள். குறை அவன் அறிவில் இல்லை. அவனுக்கு நாம் காட்டிய வழியில் இருத்தல் கூடும்.