கணிப்பொறி பூட் ஆகவில்லையா? ஃபார்மேட் செய்யும் முன் ஒரு நிமிடம்!



நம் ஆண்டு மலருக்குத் தொழில்நுட்பக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். நான் செய்த ஒரு தவறையும், அதைத் திருத்தப் போய்க் கற்ற பாடத்தையும் எழுதுகிறேன். புத்தகத்தில் இருப்பதை யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். தப்பு செய்து கற்றதை நாமே சொன்னால்தான் அடுத்தவருக்குத் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கான்ட்ராக்டரிடம் தினக்கூலி. அவரிடம் வேலை பார்க்கும் சுமார் 40 பேரின் வருகைப் பதிவு, ஓவர்டைம் கணக்கு எல்லாம் ஆபீசில் உள்ள ஒரே கணிப்பொறியில்தான். நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, "உன் பையன் கம்ப்யூட்டர்தானே படிக்கிறான், வந்து பார்க்கச் சொல்லு" என்று அவர் அப்பாவிடம் சொன்னார். பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ரொம்ப மெதுவாக இருந்தது. 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி மாட்டி, அதில் விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்தேன். பழைய ஃபைல்கள் இருக்கட்டும் என்று பழைய டிஸ்க்கையும் அப்படியே விட்டுவிட்டேன். மெஷின் பறந்தது. அப்பாவுக்கு ஒரே பெருமை.

ஒரு வருடம் ஓடிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, பழைய டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போடுகிறது என்று ஆபீசில் யாரோ அதன் கேபிளைக் கழற்றிவிட்டார்கள். விண்டோஸும் கணக்கும் எஸ்.எஸ்.டி.யில்தானே இருக்கிறது, இது எதற்கு என்று நினைத்திருக்கிறார்கள். மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒரே வரி: "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்." சர்வீஸுக்கு வந்தவர், "ஃபார்மேட் பண்ணிப் புதுசாப் போட்டாத்தான் வரும்" என்றாராம். மறுநாள் சனிக்கிழமை, வாரச் சம்பள நாள். கணக்குப் போய்விட்டால், யார் எத்தனை ஓ.டி. பார்த்தார் என்பதற்கு வேறு எழுத்தே கிடையாது. ராத்திரி அப்பா வீட்டுக்கு வந்ததும், "நீ மாட்டினதுதானேடா, வந்து பாரு" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பூட் ஆவது எப்படி?

நாம் மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டி வண்டியும் அங்கிருந்துதான் கிளம்புகிறது, திருவள்ளூர் வண்டியும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் பாதை பிரிந்துவிடும். எந்தப் பிளாட்பாரத்தில் எந்த வண்டி என்று அறிவிப்புப் பலகை தப்பாகக் காட்டினால், வண்டியும் தண்டவாளமும் நன்றாக இருந்தும் நாம் வீடு போய்ச் சேர மாட்டோம்.

கணிப்பொறியிலும் இதே கதைதான். ஆன் செய்ததும் மதர்போர்டில் உள்ள பயாஸ் முதலில் ரேம், கீபோர்டு முதலியவற்றைச் சோதிக்கிறது. பிறகு தன்னிடம் உள்ள வரிசைப்படி ஒவ்வொரு டிஸ்க்காகப் பார்க்கிறது. பழைய முறையில் டிஸ்க்கின் முதல் செக்டாரை மட்டும் படிக்கும். அது 512 பைட். அதில் 446 பைட் பூட் கோட், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் அடையாளம். இதற்கு எம்.பி.ஆர். என்று பெயர். இந்த கோட் 'ஆக்டிவ்' என்று குறிக்கப்பட்ட பார்ட்டிஷனைத் தேடிப் பிடித்து, அங்குள்ள பூட் ஃபைல்களிடம் வேலையை ஒப்படைக்கும். விண்டோஸ் எங்கே இருக்கிறது என்பது அந்த பூட் ஃபைல்களுக்குத்தான் தெரியும்.

புதிய யு.இ.எஃப்.ஐ. முறையில் இ.எஃப்.ஐ. என்ற சிறிய ஃபேட்32 பார்ட்டிஷனில் பூட் ஃபைல்கள் இருக்கும். டிஸ்க் ஜி.பி.டி. முறையில் பிரிக்கப்பட்டிருக்கும்.

இங்கேதான் விஷயம். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கும், பூட் ஃபைல்கள் இருக்கும் டிஸ்க்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இரண்டு டிஸ்க் மாட்டியிருக்கும்போது விண்டோஸ் நிறுவினால், ஏற்கெனவே முதல் டிஸ்க்கில் ஒரு பூட் பார்ட்டிஷன் இருந்தால், நிறுவும் புரோகிராம் பூட் ஃபைல்களை அதிலேயே வைத்துவிடக்கூடும். போன வருடம் நான் செய்து வைத்த கோளாறு இதுதான். விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யில். அதை எழுப்பும் ஃபைல்கள் கழற்றிப் போட்ட பழைய டிஸ்க்கில்.

கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது?

1. முதலில் பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பயாஸ் அதில் பூட் ஃபைலைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

2. பயாஸுக்குள் போய் எல்லா டிஸ்க்கின் பெயரும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் கழற்றி மாட்டுங்கள். சில மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்.எஸ்.டி. மாட்டினால் ஒரு சாட்டா போர்ட் வேலை செய்யாது. மதர்போர்டின் கையேட்டில் பார்க்கவும்.

3. தேதி, நேரம் தப்பாக இருக்கிறதா? அப்படியானால் சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். பூட் வரிசை பழையபடி மாறிப் போயிருக்கும். ஏ.ஹெச்.சி.ஐ., ரெய்டு முதலிய சாட்டா செட்டிங்கும் மாறியிருந்தால், விண்டோஸ் ஏறும்போது நீலத் திரை வந்து நின்றுவிடும்.

4. பூட் வரிசையைப் பாருங்கள். பழைய மதர்போர்டுகளில் இரண்டு பட்டியல் உண்டு. ஒன்றில் 'ஹார்ட் டிஸ்க்' என்று பொதுவாக இருக்கும். எந்த ஹார்ட் டிஸ்க் முதலில் என்பது இன்னொரு பட்டியலில் இருக்கும். பலரும் இரண்டாவதைப் பார்ப்பதே இல்லை.

5. லெகஸி, யு.இ.எஃப்.ஐ. இரண்டில் எந்த முறையில் விண்டோஸ் போடப்பட்டதோ அதே முறை இப்போதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் செய்தது

சனிக்கிழமை காலை 7 மணிக்கே அப்பாவோடு போய்விட்டேன். பயாஸில் எஸ்.எஸ்.டி. பெயர் தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது. பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டி, அதை முதல் டிஸ்க்காக வைத்து ஆன் செய்தேன். விண்டோஸ் வந்துவிட்டது! வேறு எதையும் தொடாமல் முதல் வேலையாகக் கணக்கு ஃபைல்களை பென் டிரைவில் காப்பி எடுத்தேன். அதற்குப் பிறகுதான் ரிப்பேர்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் 'சிஸ்டம்' என்ற சொல் பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷனில் இருந்தது. 'பூட்' என்ற சொல் எஸ்.எஸ்.டி.யின் சி டிரைவில் இருந்தது. சாட்சி கிடைத்துவிட்டது. அது பழைய பயாஸ் மெஷின், டிஸ்க் எம்.பி.ஆர். முறை. ஆகவே சி டிரைவை 'ஆக்டிவ்' என்று குறித்தேன். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இந்தக் கட்டளையைக் கொடுத்தேன்:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் சி: /எஃப் பயாஸ்

பூட் ஃபைல்களை சி டிரைவிலேயே புதிதாக எழுது என்பது இதன் பொருள். மெஷினை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி, எஸ்.எஸ்.டி.யை முதலில் வைத்தேன். ஆன் செய்தேன். தானாகவே எழுந்தது.

உங்கள் மெஷின் யு.இ.எஃப்.ஐ. என்றால் சி டிரைவை ஆக்டிவ் செய்யக் கூடாது. சி டிரைவைச் சற்றுச் சுருக்கி, டிஸ்க்பார்ட் மூலம் அதே டிஸ்க்கில் 260 எம்.பி. அளவில் ஒரு இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் உருவாக்கி, ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, எஸ் என்ற எழுத்தைக் கொடுங்கள். கட்டளையில் கடைசிப் பகுதி '/எஸ் எஸ்: /எஃப் யுஇஎஃப்ஐ' என்று மாறும். டிஸ்க்பார்ட்டில் எந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை அளவைப் பார்த்து இரண்டு முறை உறுதி செய்துகொள்ளவும். அதில் 'க்ளீன்' என்று ஒரு கட்டளை உண்டு. அது ஒரே நொடியில் முழு டிஸ்க்கின் பார்ட்டிஷன்களையும் துடைத்துவிடும். பிட்லாக்கர் போட்ட மெஷினாக இருந்தால் ரெக்கவரி கீ கையில் இல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

லினக்ஸ் நண்பர்களுக்கு

2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம் நம் எல்லோருக்கும் தெரியும். அதில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எதிர் வீட்டு அக்காவின் மடிக்கணினியில்தான் 'எந்த சிஸ்டம் வேண்டும்?' என்று கேட்கும் மெனுவை நான் முதலில் பார்த்தேன். அந்த மெனுவைக் காட்டுவது க்ரப் என்ற புரோகிராம்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத மெஷின்களில் இரண்டாவது டிஸ்க் மாட்டி லினக்ஸ் போட்டுப் பார்க்கிறவர்கள் நம்மிடையே உண்டு. க்ரப் எந்த டிஸ்க்கில் உட்காருகிறது என்பதை நிறுவும்போதே கவனியுங்கள். இல்லாவிட்டால் பின்னால் ஒரு டிஸ்க்கைக் கழற்றும்போது 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற வரி மட்டும்தான் மிஞ்சும்.

நினைவில் கொள்ள

ஒன்று, புது சிஸ்டம் நிறுவும்போது அந்த ஒரு டிஸ்க்கை மட்டும் மாட்டிக்கொண்டு நிறுவுங்கள். மற்றதைப் பிறகு மாட்டலாம். இரண்டு, 'சிஸ்டம்' என்ற சொல் எந்த டிஸ்க்கில் என்று பார்க்காமல் எந்த டிஸ்க்கையும் கழற்றாதீர்கள். மூன்று, முதலில் காப்பி, பிறகு ரிப்பேர். நான்கு, பூட் ஆகவில்லை என்றால் டேட்டா போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. ஃபார்மேட் என்பது கடைசி மருந்து.

எல்லாம் முடிந்ததும் கான்ட்ராக்டரிடம், "சார், தப்பு என்னோடதுதான். போன வருஷமே பழைய டிஸ்க்கைக் கழற்றிட்டு விண்டோஸ் போட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் வந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி தம்பி, இதை ஒரு பேப்பர்ல எழுதி மெஷின் மேல ஒட்டிடு" என்றார். அன்று சாயங்காலம் எல்லோருக்கும் ஓ.டி.யோடு சம்பளம் வந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. வழியில் டீ வாங்கிக் கொடுத்தார்.

நண்பர்களே, நாளை நாம் எல்லோரும் ஏதாவது ஒரு கம்பெனியில் ஒரு மெஷின் முன்னால் நிற்கப் போகிறோம். அந்த மெஷினுக்குள் யாரோ ஒருவருடைய உழைப்பின் கணக்கு இருக்கும். அதை நினைத்துக்கொண்டு கை வைப்போம்.